லிட்டருக்கு இருபத்தஞ்சு

இல்லீங்க, கஞ்சன்னு சொல்லிடாதீங்க. கஞ்சன் வீட்டுல விருந்துக்குப் போனா சோறு கொஞ்சமா இருக்கும். கமிஜோ சம்பந்தி வீட்டுல நூடுல்ஸ் கிண்ணம் காலியாகறதுக்குள்ள அடுத்த கிண்ணம் வந்து நிக்கும். போதும்னு கையால மூடினாலும் விரல் சந்துல ஊத்துவாங்க. அவருக்கு ஆகாதது ஒண்ணே ஒண்ணுதான். பெட்ரோல் வீணாப் போறது.

எங்க பொண்ணு அகனேயை அவரு மகன் கோஹெய்க்குக் கட்டிக் குடுத்து நாலு வருசம் ஆகுது. போன மாசம் பன்னெண்டாம் தேதி இரோஹா பொறந்தா. மூணு கிலோ நூத்தி நாப்பது கிராம். தலை நிறைய முடி. கொட்டாவி விட்டா மூக்கு சுருங்கும் பாருங்க, அதுக்கே வேலைக்கு லீவு போடலாம். நான் போட்டேன். சுவர் பூசற வேலைதான் எனக்கு, ஒரு நாள் காயட்டும்னு விட்டா சுவரும் கோவிச்சுக்காது.

சரி, சம்பந்தி கதைக்கு வரேன். கமிஜோ சடஹரு. வயசு அறுபத்தேழு. ஆள் குள்ளம், கழுத்து கிடையாது, தலை நேரா தோள்ல உக்காந்திருக்கும். முப்பத்தோரு வருசம் விவசாயிங்க சங்கத்துல மண்ணெண்ணெய் வண்டி ஓட்டினவரு. எங்க இனா மலைப் பள்ளத்தாக்குப் பக்கம் குளிர் காலத்துல வீட்டுக்கு வீடு அடுப்புக்கு மண்ணெண்ணெய் வேணும். வாசல்ல செவப்பு கேனை வெச்சிட்டு உள்ள போயிடுவாங்க. வண்டி பாட்டுப் போட்டுக்கிட்டே வரும், இவரு ஊத்திட்டு அடுத்த வீட்டுக்குப் போவாரு. தூக்க முடியாத வயசானவங்க வீட்டுல உள்ள கொண்டு போய் அடுப்புலயே ஊத்திக் குடுப்பாரு. பள்ளத்தாக்கு முழுக்க எண்ணெய் ஊத்தின மனுசன், சொந்த வண்டிக்கு மட்டும் சொட்டு மருந்து மாதிரி குடுப்பாரு.

அவருக்கு ஓட்டக் கத்துக் குடுத்தது பாதி காலியான டேங்குதானாம். "டேங்க் நிறைஞ்சிருந்தா ஒண்ணும் தெரியாது சம்பந்தி. பாதி காலியா இருக்கறப்ப பிரேக்கை மிதிச்சுப் பாருங்க. உள்ள எண்ணெய் அலை அடிச்சு முன்னாடி வந்து முட்டும். வண்டியே என்னைப் பின்னால இருந்து ஒரு அறை அறையும். ரெண்டு மாசத்துல பிரேக்கை மிதிக்கறதையே விட்டுட்டேன்."

"பிரேக்கை மிதிக்காம எப்படி நிறுத்துவீங்க?"

"நிக்கறதுக்கு அவசியம் வராம போகணும்."

இப்படித்தான் பேசுவாரு. ஊருல இருக்கற ஒவ்வொரு சிக்னலும் எத்தனை நொடி செவப்புன்னு மனப்பாடம். தூரத்துலயே காலை எடுத்துடுவாரு. வண்டி தானா ஊர்ந்து போய்ச் சேரறப்ப பச்சை விழும். ஓட்டறப்ப ஷூ போட மாட்டாரு. கொத்தனாருங்க போடற, கட்டை விரல் தனியா பிரிஞ்ச துணிச் செருப்புதான். மிதியில ஒரு நெல்லு மணி இருந்தாலும் காலுக்குத் தெரியணுமாம்.

அவரு வண்டி இருபத்தேழு வருசத்துப் பழசு. எங்க ஊருல சின்ன இஞ்சின் காருக்குப் போடற மஞ்சள் நம்பர் பலகை மாட்டின குட்டி வண்டி. கதவைச் சாத்தினா பிஸ்கட் டப்பா மூடின சத்தம் வரும். என்னோடது போன வருசம் வாங்கினது. பேட்டரியும் பெட்ரோலும் மாறி மாறி ஓட்டும். நல்லா ஓட்டினா முன்னாடி திரையில பச்சை இலை ஒண்ணொண்ணா முளைக்கும்.

இப்ப சண்டை எங்க ஆரம்பிச்சதுன்னா, இரோஹாவை ஒரு மாசத்துல கோயிலுக்குக் கொண்டு போகணும். கோயில்ல பிள்ளையைக் கையில ஏந்தறது அப்பாவைப் பெத்த அம்மா, அதாவது தொமோயே சம்பந்தியம்மா. அது முறை, அதுல பேச்சில்ல. ஆனா வண்டியில கூட்டிட்டுப் போறது யாரு? அதுக்கு முறை எதுவும் கிடையாது. அதான் வம்பு.

"என் வண்டியில ஏர்பேக் எட்டு இருக்கு"ன்னேன் நான்.

"ஏர்பேக் எதுக்கு? நீங்க முட்டறதா முடிவு பண்ணிட்டீங்களா?"ன்னாரு அவரு.

"உங்க வண்டி குலுக்கற குலுக்கல்ல பிள்ளை குடிச்ச பால் தயிராயிடும்."

"வண்டி குலுக்காது சம்பந்தி. ஓட்டறவன் காலு குலுக்கும்."

அகனே பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தா. அவதான் சொன்னா: "ரெண்டு பேரும் வர்ற எட்டாம் தேதி தகிசவா அம்மா போட்டியில கலந்துக்கங்க. யாரு வண்டி பெட்ரோல் கம்மியாக் குடிக்குதோ அவங்கதான் அலுங்காம ஓட்டறவங்க. அவங்க ஓட்டட்டும். இப்ப கத்தாதீங்க, இவ கண்ணை மூடறா."

தகிசவா அம்மா ஆத்தோரம் பெட்ரோல் பங்க் வெச்சிருக்காங்க. வருசா வருசம் நவம்பர்ல, பனிக்கு டயர் மாத்தறதுக்கு முன்னாடி, இந்தப் போட்டி நடத்துவாங்க. எண்பத்தி நாலு கிலோமீட்டர் சுத்து. தென்ரியூ ஆத்தங்கரையோட போய், மலை ஏறி, கணவாய் தாண்டி, அந்தப் பக்கத்து ஊருங்க வழியா இறங்கி வரணும். மூணு மணி நேரத்துக்குள்ள வரலேன்னா கணக்குல இல்ல. புது வண்டி பழைய வண்டி எல்லாம் ஒண்ணா ஓடும். எப்படின்னா, வண்டி வித்தப்ப கம்பெனிக்காரன் தாள்ல லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்னு போட்டிருப்பான் இல்ல, அதை விட யாரு எத்தனை சதவீதம் கூட ஓட்டறாங்கன்னு பாப்பாங்க. அதனால கிழட்டு வண்டிக்கும் மானம் இருக்கு.

இன்னொரு விதி. பக்கத்து சீட்டுல உக்கார்றது வேற வீட்டு ஆளா இருக்கணும். சொந்தப் பொண்டாட்டின்னா ரெண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்லுவாங்களாம், தகிசவா அம்மா கணிப்பு. அதனால என் பொண்டாட்டி கிகுயோ கமிஜோ வண்டியில, தொமோயே சம்பந்தியம்மா என் வண்டியில. அந்த வண்டிக்குள்ள நடந்ததெல்லாம் கிகுயோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவ சொன்னா நம்பலாம். தன்னோட எடை விசயம் தவிர.

அதைச் சொல்லணும். போட்டிக்கு அஞ்சு நாள் முன்னாடி சம்பந்தி எங்க வீட்டுக்கு போன் பண்ணினாரு. கிகுயோதான் எடுத்தா.

"சம்பந்தியம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க எத்தனை கிலோ?"

இவ ரிசீவரைக் கையால மூடிக்கிட்டு என்னைப் பாத்தா. நான் சுவத்தைப் பாத்தேன்.

"நாப்பத்தெட்டு"ன்னா.

"ரொம்ப சந்தோசம்"னு சொல்லி வெச்சிட்டாரு. அன்னிக்கே வண்டியில எடை குறைக்க ஆரம்பிச்சிருக்காரு. மாத்து டயரைக் கழட்டினாரு. ஜாக்கியைக் கழட்டினாரு. தரை விரிப்பு, பின்னாடி சீட்டு, சாம்பல் கிண்ணம், வண்டிப் புத்தகத்தோட பிளாஸ்டிக் உறை வரைக்கும் கழட்டி வீட்டுக்குள்ள அடுக்கினாரு. முடி வெட்டிக்கிட்டு வந்தாரு. "அந்த மூக்குக் கண்ணாடியையும் வெச்சிட்டுப் போங்களேன்"னு தொமோயே சம்பந்தியம்மா சொன்னதுக்கு ஒரு நிமிசம் யோசிச்சாராம்.

அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை வழி பாக்கறேன்னு தனியா ஒரு சுத்து போயிட்டு வந்தாரு. லிட்டருக்கு இருபத்தெட்டு. கம்பெனிக்காரன் போட்டது இருபது. அதாவது நூத்தி நாப்பது சதவீதம். சாயங்காலம் வந்து அதை எங்கிட்ட மெதுவா, அடக்கமா, மூணு தடவை சொன்னாரு. என் வண்டிக்குத் தாள்ல முப்பது. என்ன தலைகீழா நின்னாலும் முப்பத்தெட்டுக்கு மேல வரல.

போட்டி அன்னிக்கு இருபத்தாறு வண்டி வந்திருந்துச்சு. எல்லாத்துக்கும் ஒரே பம்புல, தகிசவா அம்மா தன் கையாலதான் ஊத்தினாங்க. கழுத்து வரைக்கும் ரொப்பி, மூடியைத் திருகி, மேல காகித நாடா ஒட்டி, அதுல தன் பேரு முத்திரையைக் குத்துவாங்க. திரும்பி வந்ததும் அதே பம்பு, அதே இடம், மறுபடி கழுத்து வரைக்கும். எவ்வளவு உள்ள போகுதோ அவ்வளவு நீங்க குடிச்சிருக்கீங்க. இதுல சூட்சுமம் என்னன்னா, முதல்ல ரொப்பறப்ப டேங்குல காத்துக் குமிழி இருந்தா, அது வழியில வெளியேறி, கடைசியில அந்த இடத்துக்கும் சேத்து ஊத்துவாங்க, நமக்குத்தான் நட்டம். அதனால ஆளாளுக்கு வண்டியைப் பிடிச்சு மேலயும் கீழயும் உலுக்குவாங்க. நான் உலுக்கின உலுக்கல்ல முதுகு பிடிச்சிக்கிச்சு. ஒரு சாமியாரு தன் வேனை மந்திரம் சொல்ற வேகத்துலயே உலுக்கினாரு. கமிஜோ மட்டும் வண்டியை ஒரு சுத்து வந்து பாத்தாரு, பின் பக்கம் ஒரே ஒரு தட்டுத் தட்டினாரு. களுக்குன்னு ஒரு சத்தம். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா"ன்னாரு. ஊத்தினாங்க, போச்சு. மத்தவங்கெல்லாம் உலுக்கறதை நிறுத்திட்டுப் பாத்தாங்க.

நான் ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். அவரு எனக்கு நாலு வண்டிக்கு முன்னாடி. ஹீட்டர் போட்டா பெட்ரோல் போகும்னு நான் போடல. தொமோயே சம்பந்தியம்மா கோட்டு மேல கோட்டு போட்டுக்கிட்டு, கைக்குள்ள சூட்டுப் பை வெச்சுக்கிட்டு, உருண்டையா உக்காந்திருந்தாங்க.

"குளிருதா சம்பந்தியம்மா?"

"நாப்பது வருசமா குளிருது"ன்னாங்க. "கோஹெய் பொறக்கறப்ப எனக்கு வலி எடுத்துடுச்சு. இவரு நாப்பது கிலோமீட்டர் வேகத்துலயே ஓட்டறாரு. மிதிங்கய்யா மிதிங்கய்யான்னு கத்தறேன். 'சிக்னல் இன்னும் பதினஞ்சு நொடி இருக்கு, வேகமாப் போனாலும் அங்க நிக்கத்தான் போறோம்'ங்கறாரு. ஆஸ்பத்திரி வாசல்ல என்னைக் கைத்தாங்கலா இறக்கி விட்டு, என்ன சொன்னாரு தெரியுமா?"

"என்ன?"

"'ரெண்டு பேரு ஏறியும் லிட்டருக்கு இருபத்தாறு'ன்னாரு."

நான் சிரிச்சதுல காலு மிதியில அழுந்திடுச்சு. திரையில ரெண்டு இலை உதிர்ந்துச்சு.

அங்க கமிஜோ வண்டியில என்ன நடந்துச்சுன்னா, ஆத்தங்கரை முடியற வரைக்கும் ஒரு தடவை கூட பிரேக் விளக்கு எரியலையாம். கிகுயோ பாத்துக்கிட்டே இருந்திருக்கா. "தூங்கற பிள்ளையைப் பக்கத்து ரூமுக்கு மாத்தற மாதிரி ஓட்டறாரு"ன்னா. மலை ஏத்தத்துல முதல் ஊரு மினோசவா. அங்க வளைவு திரும்பறப்ப ஒரு பொம்பளை வீட்டுச் செருப்போட ரோட்டுக்கு ஓடி வந்திருக்கா.

"ஏய் கமிஜோ! நில்லுய்யா!"

"அகஹானே அக்கா! இன்னிக்கு எண்ணெய் இல்ல, போட்டி!"

"எண்ணெய் யாருய்யா கேட்டா? பேத்தி பொறந்திருக்கு, சும்மா போவியா?"

இவரு வளைவு ஏத்தத்துல பத்துல ஊர்ந்து போறாரு, அந்தக்கா பக்கத்துலயே ஓடி வருது. ஓடிக்கிட்டே ஜன்னல் வழியா ஒரு முள்ளங்கியை உள்ள போட்டுச்சாம். கிகுயோ மடியில வந்து விழுந்துச்சு. தொடை அளவு முள்ளங்கி. இன்னும் அஞ்சு இருக்கு நில்லுன்னு அது கத்த, இவரு வேற வழியில்லாம நிறுத்திட்டாரு. ஏத்தத்துல நிறுத்திட்டாருங்க! ஏத்தத்துல நிறுத்தி மறுபடி எடுத்தா எவ்வளவு குடிக்கும்னு அவருக்கு மில்லி கணக்குல தெரியும். இறங்கி, தலை குனிஞ்சு கும்பிட்டு, அந்தக்கா மறுபடி குனிய, இவரு மறுபடி குனிய, ஆறு முள்ளங்கியும் ஏறிடுச்சு.

வண்டியில ஏறினதும் கிகுயோ கேட்டிருக்கா: "அவங்களுக்கு எப்படித் தெரியும், நீங்க இன்னிக்கு இந்த நேரத்துக்கு வருவீங்கன்னு?"

சம்பந்தி மெதுவா: "போன வாரம் வழி பாக்க வந்தேன்ல. ரெண்டு வருசமா இந்தப் பக்கம் வரல. சும்மா... போன்ல இருந்த இரோஹா போட்டோவைக் காட்டினேன்."

"எந்த ஊருல?"

"எல்லா ஊருலயும்."

"காட்டிட்டு?"

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் இந்த வழியாத்தான் வருவேன்னு சொன்னேன். வாயைக் கட்டிப் போட்டிருக்கணும்."

போச்சா! எங்க பக்கம் பிள்ளை பொறந்த சேதியை நேர்ல வந்து சொன்னா, கேட்டவங்க வெறுங்கையோட இருக்க மாட்டாங்க. முப்பத்தோரு வருசம் அடுப்புக்கு எண்ணெய் ஊத்தினவரு வீட்டுப் பேத்தி வேற. ஒரு வாரமா காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. அடுத்த ஊருல ஆப்பிள் பெட்டி. இருபது கிலோ. அதுக்கடுத்த ஊருல ஊறுகாய் ஜாடி ரெண்டு. எல்லாரும் அதே தலை குனியல், அதே 'ஐயோ எதுக்கு இதெல்லாம்', அதே 'ஒண்ணுமில்ல, எங்க தோட்டத்துலதுதான்'. "பின் சீட்டைக் கழட்டி வெச்சிருக்கீங்க, எவ்வளவு வசதியா இருக்கு"ன்னு ஒருத்தரு பாராட்டினாராம். சம்பந்தி முகம் போன போக்கை கிகுயோ நடிச்சுக் காட்டினா பாருங்க, நான் தரையில உருண்டேன்.

கணவாய்க்குக் கொஞ்சம் கீழ ஓகிதான்னு ஒரு விவசாயி. டிராக்டரை ரோட்டு நடுவுல குறுக்க நிறுத்திட்டு அதுக்கு மேல உக்காந்திருக்காரு.

"வாங்க கமிஜோண்ணே. புது அரிசி. ஒரு மூட்டை."

"ஓகிதா, கும்பிட்டுக் கேக்கறேன், முப்பது கிலோய்யா அது!"

"நூறாம் நாளு பிள்ளைக்குச் சோறு ஊட்ட வேணாமா?"

"அதுக்கு இன்னும் எழுவது நாளு இருக்கு! அது ஒரு பருக்கை கூட முழுங்காது, வாயில காட்டறதுதான்!"

"அப்ப மிச்சத்தை நீங்க சாப்பிடுங்க"ன்னு மூட்டையைத் தூக்கி உள்ள வெச்சு, டிராக்டரை நகத்தறதுக்குள்ள அஞ்சு நிமிசம் ஆயிடுச்சு.

கிகுயோ எங்க கட்சிதான், என் பொண்டாட்டிதான். ஆனாலும் அவளுக்கே மனசு கேக்கல. "சம்பந்தி, இதையெல்லாம் ரோட்டோரம் இறக்கி வெச்சிட்டுப் போங்க. சாயங்காலம் வந்து எடுத்துக்கலாம். நான் கண்ணை மூடிக்கறேன்"னு சொல்லியிருக்கா.

"இரோஹாவுக்கு வந்தது சம்பந்தியம்மா. ரோட்டோரமா வெக்கறது?"

அவ்வளவுதான் சொன்னாரு. துணிச் செருப்புக் காலை மெதுவா மிதியில வெச்சாரு. கிகுயோ விரல் விட்டு எண்ணினா. "முள்ளங்கி ஒன்பது கிலோ, ஆப்பிள் இருபது, அரிசி முப்பது, ஜாடிங்க சேந்து ரெண்டு. அறுபத்தொண்ணு! இன்னொரு நான் ஏறி உக்காந்த மாதிரி ஆயிடுச்சே!"

சம்பந்தி ரோட்டுல இருந்து கண்ணை எடுக்காம, "நீங்க நாப்பத்தெட்டுன்னு சொன்னீங்க"ன்னாரு.

இவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

நான் அவரைக் கணவாய்க்கு முன்னாடி தாண்டினேன். பின்பக்கம் தரையில உரசற மாதிரி தாழ்ந்து, முன்பக்கம் வானத்தைப் பாத்து, அந்தக் குட்டி வண்டி தவளை மாதிரி ஏறிக்கிட்டு இருந்துச்சு. பின் கண்ணாடி முழுக்க முள்ளங்கி இலை. "என்ன சம்பந்தியம்மா, உங்க வீட்டுக்காரரு காய்கறிக் கடை வெச்சிட்டாரா?"ன்னேன். தொமோயே சம்பந்தியம்மா திரும்பிப் பாத்தாங்க, பாத்தாங்க, ஒரு பெருமூச்சு விட்டாங்க. "அவ்வளவு பேருக்கும் பதில் மரியாதை நான்தானே செய்யணும்"னாங்க.

இறக்கத்துல நாலு ஊரு. நாலுலயும் ஆளுங்க நின்னாங்க. இவரு ஒவ்வொரு இடத்துலயும் இறங்கி, குழந்தை போட்டோவைக் காட்டி, கும்பிட்டு, இதுக்கு மேல ஒரு வெங்காயம் ஏத்தினாலும் டயரு வெடிச்சிடும்னு சொல்லிச் சொல்லி வந்திருக்காரு. கடைசியில மணியைப் பாத்தா பதினொன்றரை தாண்டிடுச்சு. பதினெட்டு கிலோமீட்டர் பாக்கி. அப்பத்தான் கமிஜோ சடஹரு தன் வாழ்க்கையிலேயே பண்ணாத ஒரு காரியம் பண்ணினாரு. அறுபதுல போனாரு. கிகுயோ சொல்றா, மனுசனுக்கு நெத்தியில வேர்வையாம், உதடு மட்டும் அசையுதாம். சாமி கும்பிடறாருன்னு நினைச்சு இவ காதைக் கிட்ட கொண்டு போனா, "இருபத்தாறு... இருபத்தஞ்சரை... இருபத்தஞ்சே கால்..."னு சொல்லிக்கிட்டு இருந்தாராம்.

ரெண்டு நிமிசம் இருக்கறப்ப பங்குக்குள்ள நுழைஞ்சாரு. தகிசவா அம்மா முத்திரையைப் பாத்து, நாடாவைக் கிழிச்சு, அதே பம்புல கழுத்து வரைக்கும் ஊத்தினாங்க. மூணு லிட்டர் முன்னூத்தி அறுபது மில்லி. லிட்டருக்கு இருபத்தஞ்சு. நூத்தி இருபத்தஞ்சு சதவீதம்.

எனக்கு ரெண்டு லிட்டர் இருநூறு மில்லி. நூத்தி இருபத்தேழு.

முதல் பரிசைப் பத்திக் கேக்காதீங்க. அது பாலர் பள்ளி டீச்சர் ஒரு பொண்ணுக்குப் போச்சு. நான் ஒன்பதாவது, சம்பந்தி பதினொண்ணாவது. ஆனா எங்களுக்குள்ள நான்தானே முன்னாடி! ரெண்டு கையையும் தூக்கினேன். முதுகு மறுபடி பிடிச்சிக்கிச்சு.

கிகுயோ வண்டியில இருந்து முள்ளங்கியோட இறங்கினா. "வெக்கமா இல்ல உங்களுக்கு? இன்னொரு ஆள் பாரத்தை சுமந்துக்கிட்டு ரெண்டு சதவீதத்துல தோத்திருக்காரு அந்த மனுசன்."

"ஒரு ஆளுன்னா எத்தனை கிலோ?"ன்னேன்.

முள்ளங்கியாலயே ஒண்ணு போட்டா.

சம்பந்தி வந்து முறையா குனிஞ்சு, "வாழ்த்துக்கள். நல்லா ஓட்டினீங்க"ன்னாரு. அந்தக் குரல்ல ஒரு குறையும் இல்ல. ஆனா அன்னிக்கு சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போனேன், மனுசன் கழட்டின சாமானையெல்லாம் ஒண்ணொண்ணா வண்டியில மாட்டிக்கிட்டு இருந்தாரு. குழந்தை சீட்டு ஒண்ணு புதுசா, அட்டைப் பெட்டி கூடப் பிரிக்காம, சுவத்தோரமா இருந்துச்சு. அவரு வாங்கி வெச்சது. நான் பாத்ததும் அது மேல விரிப்பைத் தூக்கிப் போட்டாரு.

எனக்கு சுருக்குன்னுச்சு. "சம்பந்தி, ஒண்ணு பண்ணுவோம். போறப்ப நான், வர்றப்ப நீங்க."

"அதெல்லாம் இல்ல. தகிசவா அம்மா முத்திரை குத்தினது. தோத்தது தோத்ததுதான்."

"அகனேகிட்ட நான் சொல்றேன்..."

"சம்பந்தி, ஆப்பிள் எடுத்துட்டுப் போங்க. இருபது கிலோ இருக்கு."

அந்த வாரம் பூரா அவரும் தொமோயே சம்பந்தியம்மாவும் செவப்புப் பயறு போட்ட சோறும் இனிப்பும் கட்டிக்கிட்டு, அதே மலைச் சுத்துல ஊரு ஊரா போய் பதில் மரியாதை செஞ்சிட்டு வந்தாங்க. இந்தத் தடவை லிட்டருக்கு எவ்வளவுன்னு நான் கேட்டேன். வண்டிப் பின் கதவைத் திறந்து காட்டினாரு. போன எடத்துலயெல்லாம் பதிலுக்குப் பதில்னு மறுபடி முள்ளங்கி குடுத்திருக்காங்க.

இன்னிக்குத்தான் கோயில். காலையில எழுந்தா, வானம் கழுவி விட்ட மாதிரி, மலை உச்சியில முதல் பனி. நான் ராத்திரியே வண்டியைக் கழுவி, உள்ள துடைச்சு, எட்டு ஏர்பேக்குக்கும் கும்பிடு போட்டு வெச்சிருந்தேன். கோட்டு சூட்டு டை எல்லாம் போட்டுக்கிட்டு ஜம்முனு போய் நின்னேன். கோஹெய் தன் வண்டியில அம்மாவையும் மாமியாரையும் பூஜைக்குச் சொல்லி வெக்கறதுக்காக முன்னாடியே கூட்டிட்டுப் போயிட்டான். என் வண்டியில இரோஹா, அகனே, அப்புறம் கமிஜோ சம்பந்தி.

அகனே முன்னாடி வந்து என் பக்கத்துல உக்காந்தா. "பின்னாடி உக்காந்தா எனக்குத் தலை சுத்துது அப்பா. மாமா, நீங்க இவ பக்கத்துல உக்காந்துக்கறீங்களா?"

"நானா?"ன்னாரு.

"வேற யாரு?"

உக்காந்தாரு. அவரும் டை கட்டியிருந்தாரு. அந்தக் கழுத்துல அதை எங்க கட்டினாரோ தெரியல.

நான் வண்டியை எடுத்தேன். சத்தியமா சொல்றேன், இதுவரைக்கும் அப்படி ஓட்டினதில்ல. இலை முளைச்சுக்கிட்டே இருக்கு. சிக்னலை ரெண்டு பர்லாங் முன்னாடியே பாத்து காலை எடுக்கறேன். ஒரு குலுக்கல் இல்ல. முதல் நாலு நிமிசம் பெருமையில நெஞ்சு விம்முது.

அப்புறம் பின்னாடி இருந்து ஒரு சின்ன சத்தம் வந்துச்சு. 'க்கூ'ன்னு. நான் இதுவரைக்கும் கேக்காத சத்தம்.

"என்ன? என்ன பண்றா?"ன்னேன்.

"ஒண்ணுமில்ல"ன்னாரு சம்பந்தி. "என் விரலைப் புடிச்சிருக்கா."

அகனே திரும்பிப் பாத்து, "ஐயோ மாமா! கண்ணை முழுசாத் திறந்து உங்களையே பாக்கறா! சிரிக்கறாளா அது?"

"சிரிக்கற மாதிரிதான் இருக்கு."

"எப்படி சிரிக்கறா? எந்தப் பக்கம்?"ன்னு நான் கேக்கறேன். ரெண்டு பேரும் அவளைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. குழந்தை சீட்டு முதுகைக் காட்டி மாட்டறதுங்க. பின்னாடி பாக்கற கண்ணாடியில எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சீட்டோட முதுகுப் பக்கம் ஒரு கறுப்புத் துணி, அதுக்கு மேல கமிஜோவோட ஒட்ட வெட்டின தலை. பன்னெண்டு நிமிசம் போற தூரம். பன்னெண்டு நிமிசமும் 'க்கூ', 'அச்சோ', 'மறுபடியும் பாருங்க மாமா'. நான் ஓட்டறேன். எட்டு நாளு தூங்காம, முதுகு பிடிச்சு, குளிருல வெறைச்சு, மானம் காக்க ஜெயிச்சு எதை வாங்கியிருக்கேன்னு அப்பத்தான் எனக்குப் புரியுது. ஸ்டீயரிங்கை வாங்கியிருக்கேன்.

கோயில் மேட்டுக்கு முன்னாடி இருக்கற சிக்னல்ல செவப்பு. நல்லதாப் போச்சுன்னு நின்னு, பெல்ட்டோட உடம்பை முறுக்கி, கழுத்தை வளைச்சு, சீட்டு ஓரமா எட்டிப் பாக்கறேன். ஒரு குட்டிக் காது தெரியுது. இன்னும் கொஞ்சம் வளைச்சா மூக்கு தெரியும்.

"பச்சை விழ மூணு நொடிதான் இருக்கு சம்பந்தி"ன்னாரு கமிஜோ, விரலை அசைக்காம, அவ மூஞ்சியில இருந்து கண்ணையும் எடுக்காம. "நீங்க ரோட்டைப் பாருங்க. இங்க நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம்."